பாம்பு விழுங்கிய சூரியனும் பறவைநாகக் கதையும்

2019ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் ஒரு சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கோயமுத்தூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, யாழ்ப்பாணம் ஆகிய ஊர்களைத் தொட்டுக் கடல் தாண்டி வந்த நிழல், நண்பகலுக்குப் பின் சிங்கப்பூரையும் ஜொகூரின் தென்கோடியையும் கடந்து சென்றது. அவ்விடங்களில் கதிரவன் பொன் வளையலைப் போல் தோன்றினான். நெகிரி செம்பிலானில் அவன் பெரும்பகுதி மறைந்து பிறைவடிவாய் நின்றான். மனிதன் தன் வாழ்நாளில் காணக்கூடிய அரிய காட்சிகளுள் அஃது ஒன்று.

அக்காட்சி நடந்துகொண்டிருந்த வேளையில் நாம் சிரம்பானை அடுத்த லோபாக்கில் ஒரு வீட்டு வாயிலில் நின்றிருந்தோம். பட்டப்பகலில் கதவு தாழிடப்பட்டிருந்தது. சன்னல்களிலெல்லாம் திரை தொங்கிற்று. அடுப்பில் நெருப்பில்லை. “சூரியனைப் பாம்பு பிடிச்சிருக்கு தம்பி, வெளியே நிக்காதீங்க, சட்டுன்னு உள்ளே வாங்க” என்று அவ்வீட்டுப் பாட்டி அன்போடு கடிந்து நம்மை அழைத்தார். அவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி மக்களை ஆளாக்கியவர். நம் வணக்கத்துக்கு உரியவர். உள்ளே அவருடைய பேத்தி, பத்து வயதுச் சிறுமி, விளக்கடியில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். சிறகுள்ள நாகங்கள் விண்மீனுக்கு விண்மீன் பறந்து செல்லும் கதை அது. ஆங்கிலத்தில் எழுதியது.

சிறுமி தலைநிமிர்ந்து, “பாட்டி, சூரியனைப் பிடிக்கிற பாம்புக்கு இறக்கை இருக்கா? அங்கேதான் காத்தே இல்லையே, அது எப்படிப் பறக்கும்?” என்று கேட்டாள். “அப்படியெல்லாம் கேட்கக் கூடாது கண்ணு, தோஷம்” என்றார் பாட்டி. ஓரளவு படித்தவரான அவளுடைய தந்தையோ, புத்தகத்தைப் பிடுங்கி அலமாரியின் மேல் வைத்து, “இந்தப் பொய்க்கதையைப் படிச்சுத்தான் இப்படிக் கேள்வி வருது. பயிற்சி நூலை எடு” என்றார்.

நாம் விருந்தாளியாக வந்தவர்கள்; ஆகவே பேசாதிருந்தோம். அன்று பேசாதிருந்தது பிழையென்று இன்று உணர்கின்றோம். அப்பிழைக்குக் கழுவாயாகவே இதனை எழுதுகின்றோம்.

இச்செய்தியை நம் பகுத்தறிவுத் தோழர் ஒருவரிடம் பின்னர் உரைத்தபோது, அவர் சற்றும் தயங்காமல், “இரண்டு பாம்பையும் ஒரே தடியால் அடிக்கவேண்டும். ராகு என்ற பாம்பும் பொய். சிறகு முளைத்த பாம்பும் பொய். குழந்தைக்கு உண்மையை மட்டுமே கொடுக்கவேண்டும்” என்று தீர்ப்பளித்தார். பாட்டியோடு வழக்காடுவது எளிது. இத்தோழரோடு வழக்காடுவதே இன்றைய தேவை. ஏனெனில் பாட்டியின் பாம்பு நாளுக்கு நாள் தேய்ந்து வருகிறது. தோழரின் தடியோ சீர்திருத்தம் என்ற பெயரால் நம் பிள்ளைகளின் கற்பனையை நொறுக்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் ராகுவின் வழக்கைப் பார்ப்போம்.

வானத்தில் ஒரு பாம்பு இருந்து சுடர்களை விழுங்குகிறது என்னும் எண்ணம் நம்மவர்க்கே உரிய சொத்தன்று. சந்திரனை ராகு தின்றது என்று சொல்லும் வழக்கு மலாய் மக்களிடையிலும் உண்டு. கிரகணம் என்பதற்குச் சீனர் எழுதும் எழுத்திலேயே ‘உண்ணுதல்’ என்னும் பொருள் அடங்கியிருக்கிறது. முற்காலச் சீனர் பறையறைந்து அந்த விலங்கை விரட்ட முயன்றனர். சிரம்பான் கடைத்தெருவில் அடுத்தடுத்த கடைகளில் அமர்ந்திருக்கும் மூன்று இனத்தவரின் பாட்டன்மாரும் ஒரே வானத்தைப் பார்த்து ஒரே விலங்கைக் கண்டிருக்கிறார்கள். அறியாததற்கு உருவம் கொடுப்பது மனித இயல்பு. அதில் இழிவொன்றும் இல்லை. அறிந்த பின்னரும் அவ்வுருவத்துக்கு அஞ்சி நடுங்குவதுதான் இழிவு.

நாம் எப்போது அறிந்தோம்? நேற்றல்ல. கி.பி. 499இல் நூல் செய்த ஆரியபடர், சந்திரன் சூரியனை மறைப்பதே சூரிய கிரகணமென்றும், பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுவதே சந்திர கிரகணமென்றும் ஐயத்துக்கு இடமின்றிக் கூறினார். பிறகு என்ன நடந்தது? 628இல் பிரம்மகுப்தர், ராகுவை மறுப்போரைத் தம் நூலிலே கண்டித்தார். அவர் அறியாதவரா? இல்லை. கிரகணத்தைக் கணிக்கும்போது அவரும் நிழலைக் கொண்டே கணித்தார்! கணக்குக்கு நிழல், கூட்டத்துக்குப் பாம்பு. பதினோராம் நூற்றாண்டில் இந்திய நூல்களைக் கற்ற அல்பிரூனி இம்முரண்பாட்டைக் கண்டு வியந்து எழுதினார். ராகுவை வாழவைத்தது பாட்டியின் அறியாமை மட்டுமன்று; அறிந்தவர்கள் வாய்மூடி இருந்ததும் அதற்குக் காரணம். லோபாக்கில் அன்று வாய்மூடி இருந்த நமக்கும் அதில் பங்குண்டு.

வாய்மூடாத ஒருவரையும் சொல்லவேண்டும். 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தைச் சயாம் மன்னர் மோங்குட் தாமே கணித்தார். ராகுவின் செயலென்று நம்பியிருந்த நாட்டில், நிழல் விழும் இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டிச் சொல்லி, வாக்கோ என்னும் கடலோர ஊருக்கு அவையோரை அழைத்துச் சென்றார். சிங்கப்பூரிலிருந்து கவர்னர் சர் ஹாரி ஆர்டும் அங்கே சென்றிருந்தார். கணக்குப் பலித்தது. சதுப்புநிலத்தில் தங்கியதால் மன்னருக்குக் காய்ச்சல் கண்டு, அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் உயிர் நீத்தார். பாம்பு கொன்றது என்று சிலர் முணுமுணுத்திருக்கக்கூடும். அவரைக் கொன்றது கொசு. அதே கிரகணத்தைக் குண்டூரில் ஆராய்ந்த ஜான்சென் என்னும் பிரெஞ்சு அறிஞர் சூரிய ஒளியில் கண்ட புதிய கோடு, ஹீலியம் என்னும் தனிமத்தின் கண்டுபிடிப்புக்கு வழிகாட்டியது. திரையை இழுத்து மூடியவர்களுக்கு இவற்றில் எது கிடைத்திருக்கும்?

ஒன்று மட்டும் பாட்டியின் பக்கம் நின்று கூறுவோம். கிரகணச் சூரியனை வெறுங்கண்ணால் பார்ப்பது கண்ணுக்குக் கேடு, இஃது உண்மை. அதற்குரிய காப்புக்கண்ணாடி உண்டு. அட்டையில் ஊசித்துளையிட்டு, அதன் வழியே விழும் ஒளியைத் தரையில் பார்க்கலாம். மரத்தடியில் நின்றால் இலைகளின் இடைவெளியே ஊசித்துளையாகி நிலமெங்கும் நூற்றுக்கணக்கான பிறைகள் விழும். அன்று லோபாக்கின் மரநிழல்களிலெல்லாம் அந்தப் பிறைகள் சிதறிக் கிடந்தன. குனிந்து பார்க்கத்தான் பிள்ளைகள் இல்லை.

இனி, நமது தோழரின் தடிக்கு வருவோம். “ராகு பொய்” என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்ததா? முடியவில்லை. சந்திரன் பூமியைச் சுற்றும் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருக்கிறது. ஆகவே இரண்டும் இரண்டே இடங்களில் வெட்டிக்கொள்ளும். சூரியனும் சந்திரனும் அவ்வெட்டுப் புள்ளிகளின் அருகே வரும்போது மட்டுமே கிரகணம் உண்டாகும். இல்லையேல் ஒவ்வோர் அமாவாசையும் கிரகணமாகிவிடும். ராகு, கேது என்று நம் கணிதர் பெயரிட்டு அழைத்தவை அந்தப் புள்ளிகளே. அவையும் நிலைத்து நில்லாமல் நகர்ந்து, 18 ஆண்டு 7 மாத அளவில் ஒரு சுற்று முடிக்கும். சந்திரன் ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டு மீண்டும் அதே புள்ளிக்கு வர 27 நாள் 5 மணி ஆகிறது. இக்காலத்துக்கு மேலைநாட்டு வானநூலார் இன்றும் வழங்கும் பெயர் யாது? ‘நாகமாதம்’ என்று நாம் பெயர்க்கத்தக்க சொல்தான்! அச்சமெல்லாம் கழுவப்பட்ட பின்னும், அந்தப் பழைய விலங்கு கணக்குப் புத்தகத்தில் ஒரு பெயராய் அழகுற வாழ்கிறது. அறிவியல் அதை அடித்துக் கொல்லவில்லை. அதற்கு வேறு வேலை கொடுத்திருக்கிறது.

நமது தமிழும் இதனைச் செய்திருக்கிறது. காமத்துப்பாலில் வள்ளுவர், காதலைப் பற்றி ஊரார் பேசும் அலர் எங்கும் பரவுவதற்கு, திங்களைப் பாம்பு கொண்ட செய்தியை உவமையாக்கினார். அவர் அதைக் கொண்டு எவரையும் அறையில் பூட்டவில்லை, குளிக்கச் சொல்லவில்லை, கேள்வி கேட்காதே என்று வாயை அடைக்கவில்லை. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று உண்டு. சந்திரனைக் குழந்தையோடு விளையாட வருமாறு சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயத்தாலும் புலவர்கள் அழைப்பார்கள். சந்திரன் இறங்கி வருவான் என்று எந்தப் புலவராவது முற்றத்தில் பாய் விரித்து வைத்திருந்தாரா? கவிஞர்க்கும் குழந்தைக்கும் கேட்டோர்க்கும் அது விளையாட்டென்று தெரியும். தெரிந்தே ஆடிய ஆட்டம் அது.

ராகுவின் கதையிலேயே ஒரு நயமுண்டு. பாம்பு விழுங்கிய சூரியன் எப்படி மீண்டும் வெளியே வருகிறான் என்று ஏதோ ஒரு குழந்தை எந்தக் காலத்திலோ கேட்டிருக்கவேண்டும். ராகுவுக்குத் தலை மட்டுமே உண்டு, உடல் வெட்டுண்டு போயிற்று, ஆகவே விழுங்கியது கழுத்து வழியே வெளியே வந்துவிடும் என்று கதை விடை சொல்கிறது. எவ்வளவு அழகான விடை! அந்தப் பழைய கதைசொல்லி குழந்தையின் கேள்வியை மதித்தவன். “கேட்கக் கூடாது” என்பது பின்னால் வந்தவர்கள் சேர்த்த சேர்க்கை. கதையை நம் பகையாகக் கருதவேண்டியதில்லை. கதையை உண்மையென்று சத்தியம் செய்து கேள்வியை அடைப்பதே நம் பகை.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, அலமாரியின் மேல் தூக்கி வைக்கப்பட்ட பறவைநாகக் கதைகளைப் பாருங்கள். இவ்வகை நூல்களுக்கு முன்னோடியாய் நிற்பவர் ஆன் மக்காஃப்ரி என்னும் அம்மையார். 1968இல் வெளிவந்த ‘டிராகன்ஃப்ளைட்’ என்னும் நூலில், வேறொரு விண்மீனைச் சுற்றும் பெர்ன் என்னும் உலகைப் படைத்தார். பூமியிலிருந்து குடியேறிய மக்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். நெடுங்காலத்துக்கு ஒருமுறை ஒரு செந்நிறக் கோள் அருகே வரும்போது, இழை இழையாய் நச்சு வித்துக்கள் வானத்திலிருந்து விழுந்து பயிரையும் உயிரையும் தின்னும். அவற்றை நடுவானிலேயே எரிக்கப் பறவைநாகங்கள் உண்டு. நெருப்பு எங்கிருந்து வருகிறது? மந்திரத்தாலன்று, ஒருவகைக் கல்லை மென்று தின்று, அதிலிருந்து எழும் வாயுவைக் கக்குவதால். நாகங்கள் எங்கிருந்து வந்தன? வரத்தாலன்று, அவ்வுலகத்துச் சிறு பல்லியினத்தை முன்னோர் தம் அறிவியலால் வளர்த்துப் பெருக்கியதால். எல்லாம் கற்பனைதான், ஆயினும் ஒவ்வொன்றுக்கும் “எப்படி?” என்ற கேள்விக்கு விடை வைத்த கற்பனை.

இன்னும் கேளுங்கள். அக்கதையில் பல நூறாண்டு நச்சுமழை விழாமையால், மக்கள் அதைப் பாட்டிகதை என்று தள்ளிவிடுகிறார்கள். வீரனும் வீராங்கனையும் அவர்களை எப்படித் தெளிவிக்கிறார்கள்? “முன்னோர் சொன்னார்கள், நம்பு” என்று அதட்டவில்லை. பழம்பாட்டை ஆராய்ந்து, வானத்தை நோக்கி நட்ட குறிக்கற்களின் இடைவெளியில் அந்தச் செங்கோள் வந்து நிற்பதைக் கண்ணால் கண்டு உறுதி செய்கிறார்கள். எதையும் சோதித்துப் பார் என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோமே, அதைத்தான் அக்கதை சிறுவர் மொழியில் சொல்கிறது. நமது தோழர் இதனையா தடியால் அடிக்கப் போகிறார்?

1976இல் அவ்வம்மையார் இளையோர்க்கென்றே எழுதிய ‘டிராகன்சாங்’ நூலில், மெனோலி என்னும் மீனவச் சிறுமி பாட்டிலே வல்லவள். பெண்பிள்ளைக்கு இது ஆகாது என்று தந்தை தடுக்கிறார். அவள் வீட்டை விட்டோடிக் கடற்கரைக் குகையில் தங்கி, ஒன்பது குட்டி நெருப்புப் பல்லிகளை வளர்த்து, இறுதியில் பெரும் இசைவாணரின் மாணவியாகிறாள். நம் தோட்டப்புறத்து வீடுகளில் எத்தனை மெனோலிகள்! பெண்ணுரிமை பற்றி நாம் பத்துக் கூட்டம் போட்டுப் பேசுவதை அச்சிறுமி ஒரு மாலைப்பொழுதில் பேசிவிடுவாள். ஆனால் தமிழில் பேசமாட்டாளே! அதுதான் நம் துயரம்.

“கற்பனை சோறு போடுமா?” என்று கேட்போர்க்கும் ஒரு சொல். அமெரிக்காவில் ஸ்பேஸ் எக்ஸ் என்னும் நிறுவனம் விண்கலம் செய்ய முனைந்தபோது, இது நடவாத காரியம் என்று பலர் நகைத்தனர். அதன் தலைவர், மாய டிராகனைப் பற்றிய ஒரு பாட்டை நினைத்துத் தம் கலத்துக்கு ‘டிராகன்’ என்றே பெயரிட்டார். 2012 மே மாதம் அது அனைத்துலக விண்வெளி நிலையத்தை அடைந்தது. 2020 மே 30ஆம் நாள் மனிதர்களையும் ஏற்றிப் பறந்தது. விண்ணில் பறக்கும் நாகம் இன்று கதையில் மட்டும் இல்லை. இந்நாட்டவரான ஷேக் முசாஃபார் ஷுக்கோர் 2007 அக்டோபர் 10ஆம் நாள் சோயுஸ் கலத்தில் விண்ணேறினார். அடுத்தவர் ஏன் தோட்டப்புறத் தமிழ்ப்பிள்ளையாக இருக்கக்கூடாது? விண்ணைக் கனவு காணாத பிள்ளை விண்ணேறுமா?

“டிராகன் அயலார் விலங்கு, நமக்கெதற்கு?” என்பார் சிலர். கோயில் தூண்களில் யாளியைச் செதுக்கியவர் யார்? சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கொண்ட அவ்விலங்கை எந்தக் காட்டில் கண்டு செதுக்கினார்கள்? கிறித்தவ மறைநூலைத் தமிழாக்கியவர்கள் வலுசர்ப்பம் என்ற சொல்லை நமக்கு வழங்கினார்கள். மலாய் மொழி அவ்விலங்கை நாகம் என்றே அழைக்கிறது. பெயருக்குப் பஞ்சமில்லை, எழுதுவோர்க்கே பஞ்சம்.

அப்பஞ்சமும் முற்றிலும் இருந்ததில்லை. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ ஒரு தலைமுறையின் இரவுகளை நிரப்பிற்று. சுஜாதா ஜீனோ என்னும் இயந்திர நாயைத் தமிழ் பேசவைத்தார். ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ எழுதிய இரா. நடராசனுக்கு 2014இல் பால சாகித்திய விருது கிடைத்தது. பகுத்தறிவின் பெயரால் கற்பனையை வெறுப்போர், பெரியார் 1940களில் ‘இனி வரும் உலகம்’ எழுதியதை மறந்துவிட்டனரா? ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கம்பியில்லாத் தந்தி இருக்கும் என்று அவர் எழுதியபோது அது வெறுங்கற்பனை. இன்று நம் சட்டைப்பையில் இருப்பது யாது? இம்மண்ணிலும் 1950களில் ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றம் அமைத்துப் பிள்ளைகளை எழுதவைத்தது. பின்னாளில் எழுத்தாளரானோர் பலர் அதில் பயின்றவர்களே.

இன்று இந்நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் பிள்ளைகளுக்கு நாம் கையில் கொடுப்பது என்ன? பெரும்பாலும் பயிற்சி நூல், மிஞ்சினால் நீதிக்கதை. பொய் சொன்ன சிறுவனைப் புலி தின்றது, பேராசைக்காரன் வாத்தை அறுத்தான் என்று, அறுபதாண்டுக்கு முன் பெற்றோர் படித்ததையே மீண்டும் மீண்டும் அச்சிடுகிறோம். பிறகு, “பிள்ளைகள் தமிழில் படிப்பதில்லை” என்று மாநாடு கூட்டி வருந்துகிறோம். நட்சத்திரங்களுக்கிடையே பறக்கவேண்டுமானால் ஆங்கிலம், நல்லொழுக்க உபதேசம் கேட்கவேண்டுமானால் தமிழ் என்று ஆக்கிவிட்டால், பத்து வயதுப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்? அதன்மேல் குற்றம் சொல்ல நமக்கென்ன உரிமை?

கதைக்குரிய கரு நம்மிடம் இல்லையா? தோட்டத்து மக்கள் வானத்தோடு வாழ்ந்தவர்கள். பெரட்டுக் களத்துக்கு இருட்டிலே நடந்தபோது அவர்களுக்கு வழித்துணை விடிவெள்ளி. அன்றைய லயத்து வாசலில் விக்கிரமாதித்தன் கதை கேட்டுத் தூங்கிய பிள்ளைகள் இன்று பாட்டன் பாட்டியாய் இருக்கிறார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் அடுக்குவீடு வருகிறது. அப்பழைய காட்டில் ஒரு விண்கல் விழுந்து, அதனுள் ஒரு முட்டை இருந்து, ஆயாக்கொட்டகையின் பின்னே அது பொரிந்தால்? மெலிந்த சிறுமி ஒருத்தி அதற்குப் பாலூற்றி வளர்த்தால்? காற்றில்லா வெளியில் அதன் சிறகு எதை உந்தும் என்று அவளே கேட்டு, அவளே விடை தேடினால்? போர்ட்டிக்சன் பக்கம் தெலுக் கெமாங்கில் ஒரு வானோக்ககம் இருக்கிறது. கதையில் அவள் அங்கே சென்று கேட்கட்டும். இதை எழுதத் தமிழாசிரியர் ஒருவர் போதாரா?

ஆகவே நாம் வேண்டுவன இவை. பெற்றோரே, அலமாரிமேல் வைத்த புத்தகத்தை இறக்கிக் கொடுங்கள். பிள்ளையின் கேள்விக்கு விடை தெரியாவிடில், தெரியாது என்று சொல்லி உடன் அமர்ந்து தேடுங்கள். ஆசிரியப் பெருமக்களே, பதிப்பாளரே, ஆண்டுக்கு ஒரு விண்வெளிக் கதையேனும் நல்ல படங்களோடு தமிழில் தாருங்கள். சீர்திருத்தத் தோழர்களே, தடியை ராகுவின்மேல் மட்டும் வீசுங்கள். குழந்தையின் நாகத்தை விட்டுவிடுங்கள். தாய்மார்களே, பாட்டிகளே, உங்கள் கதைகளைச் சொல்லுங்கள், நிறைய சொல்லுங்கள், கதையென்றே சொல்லுங்கள்.

2031ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் மற்றொரு வளையக் கிரகணம் தென்னிந்தியா வழியாக வந்து இத்தீபகற்பத்தின் வடபகுதியையும் தொடும். லோபாக்கில் அன்றும் கதிரவன் குறைந்து தோன்றுவான். நாம் கண்ட சிறுமி அப்போது இருபத்திரண்டு வயது நங்கையாக இருப்பாள். அவள் வீட்டுக் கதவு அன்று திறந்திருக்குமா, மரநிழலில் விழும் பிறைகளை எண்ண அவள் ஒரு குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துவருவாளா, அக்குழந்தையின் மறுகையில் ஒரு தமிழ்ப் புத்தகம் இருக்குமா என்பது கோள்களின் கையில் இல்லை. நம் கையில் இருக்கிறது.